தோட்டாவின் கழுத்தும் குடத்தின் கழுத்தும்

பித்தளைக் குடத்தின் கழுத்தில் தானாகக் கீறல் விழுந்தால், கடைசியாக அதைத் தொட்டவரைத் திட்டுவது நம் பக்கத்தில் பரம்பரையாக வரும் பழக்கம். வீடென்றால் மருமகள் மாட்டுவாள். கல்யாண மண்டபம் என்றால் பாத்திரம் துலக்குகிற அம்மாள். அரசாங்க அலுவலகம் என்றால் இருப்பறைப் பொறுப்பாளர். பாத்திரத்தைச் செய்தவரையும் விற்றவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது அநியாயம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சிக்குச் சாட்சி சொல்லத் துப்பாக்கித் தோட்டாவை அழைக்கப் போகிறேன். குடத்துக்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டும் பித்தளை. இரண்டுக்கும் கழுத்து உண்டு. இரண்டிலும் கீறல் பெரும்பாலும் கழுத்தில்தான் விழும். தோட்டாவில் விழுந்த கீறலைத்தான் படித்தவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். குடத்தில் விழுந்ததை ஆராய யாருக்கும் நேரமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

திருநெல்வேலிக்காரர்களுக்குத் துப்பாக்கிக் கதை புதிதல்ல. பாஞ்சாலங்குறிச்சிப் பீரங்கியில் தொடங்கி, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்த பிரௌனிங் கைத்துப்பாக்கி வரைக்கும் மணிக்கணக்காகப் பேச நம்மிடம் ஆள் உண்டு. அந்தத் துப்பாக்கி எங்கே செய்தது, யார் கொடுத்தது, எங்கே சுட்டுப் பழகினார் என்று டீக்கடையில் பட்டிமன்றமே நடக்கும். அதற்குள் போட்ட தோட்டாவைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக்கழி. தோட்டாவின் பாதி விஷயம் அதன் பித்தளைக் கூட்டில்தான் இருக்கிறது.

1857 சிப்பாய்க் கலகத்தின்போது தோட்டா என்பது காகிதப் பொட்டலம். மருந்தும் குண்டும் அதற்குள் இருக்கும். பல்லால் கடித்துக் கிழித்துக் குழலில் கொட்ட வேண்டும். காகிதத்தில் தடவிய கொழுப்பு எந்த மிருகத்துடையது என்ற பேச்சில் என்ன நடந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்குள் உலோகத் தோட்டா வந்துவிட்டது. முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தார்கள். பின்னால் ஒரே துண்டுப் பித்தளையிலிருந்து இழுத்துச் செய்யும் முறை வந்தது. கல்கத்தா பக்கத்து டம்டமிலும், புனே பக்கத்துக் கிர்க்கியிலும் தோட்டா செய்யும் ஆலைகள் இருந்தன. கிர்க்கி ஆலை 1869-இல் தொடங்கியது. இன்றும் கட்கி என்ற பெயரில் நடக்கிறது.

தோட்டாக் கூட்டுக்கென்று ஒரு பித்தளை உண்டு. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். முதலில் தகட்டிலிருந்து வட்டமாக ஒரு வில்லை வெட்டுவார்கள். அதை அழுத்திக் கிண்ணமாக்கி, கிண்ணத்தை அச்சுக்குள் தள்ளித் தள்ளி நீளக் குழாயாக இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பித்தளை இறுகிக்கொண்டே போகும். அப்படியே விட்டால் அடுத்த இழுப்பில் கிழிந்துவிடும். அதனால் நடுநடுவே உலையில் காட்டி இளக வைப்பார்கள். கடைசியில் வாய்ப்பக்கத்தை நெருக்கிக் கழுத்தாக்கி, மருந்து போட்டு, குண்டை அந்தக் கழுத்தில் செருகிக் கவ்வ வைப்பார்கள்.

வம்பு அந்தக் கடைசி வேலையில்தான். கழுத்தை நெருக்கியபோது பித்தளை மறுபடியும் இறுகுகிறது. இறுகிய கழுத்துக்குள் குண்டு வேறு உட்கார்ந்து வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பளபளவென்று தங்கம் மாதிரி இருக்கும். நாண் ஏற்றி மூலையில் சாத்தி வைத்த வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். அது சும்மா நிற்பதுபோல் தெரியும். உள்ளுக்குள் சும்மா இல்லை.

இனி மழைக்காலத்துக்கு வருவோம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம் பெருமழை மாதங்களில் படையெடுப்பு, பயிற்சி எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளும். மிச்சத் தோட்டாக்களை எங்காவது நனையாமல் வைக்க வேண்டும். குதிரை லாயத்துக்குக் கூரை இருந்ததால் அங்கே அடுக்கினார்கள். மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தால் தோட்டாக்களின் கழுத்தில் கீறல்கள். யாரும் தொடவில்லை, யாரும் சுடவில்லை, கீழே விழவில்லை, தண்ணீரில் ஊறவும் இல்லை. வைத்தது வைத்தபடி இருந்த பித்தளை தானாக வெடித்திருந்தது.

இதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரைக் கவனியுங்கள்: ‘சீசன் கிராக்கிங்’. தமிழில் சொன்னால் பருவ விரிசல். அதாவது பழி பருவத்தின் மேல், மழையின் மேல். தோட்டாவைச் செய்த ஆலை நல்ல ஆலை. கெட்டது இந்தியாவின் சீதோஷ்ணம். பெயர் வைக்கும்போதே தீர்ப்பையும் எழுதிவிட்டார்கள். நூறு வருஷம் கழிந்தும் பாடப்புத்தகத்தில் அதே பெயர்தான் இருக்கிறது.

உண்மைக் காரணத்தை 1921-இல் இங்கிலாந்தில் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். லாயத்தில் தேங்கிய குதிரை மூத்திரம் அழுகும்போது அம்மோனியா ஆவி கிளம்புகிறது. மழைக்கால ஈரத்தோடு அது பித்தளையின் மேல் படிகிறது. பித்தளை என்பது கண்ணுக்குத் தெரியாத மணிமணியான பொடிப் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற உலோகம். இந்த ஆவி அந்தப் பரல்களுக்கு நடுவில் இருக்கிற எல்லைக் கோடுகளில் புகுந்து அரிக்கிறது. உள்ளே இறுக்கம் இல்லாவிட்டால் மேலே கறுத்துப் போவதோடு சரி. உள்ளே இறுக்கம் இருந்தால், அரித்த இடத்தில் வாய் பிளந்துகொள்கிறது. பிளந்த இடத்தில் மறுபடி ஆவி புகுகிறது, மறுபடி பிளக்கிறது. ஒரு மழைக்காலம் போதும்.

ஆகவே கீறலுக்கு மூன்று பேர் கூட்டுச் சேர வேண்டும். ஒன்று, துத்தநாகம் அதிகமுள்ள பித்தளை. இரண்டு, ஈரத்தோடு அம்மோனியா. மூன்று, செய்தபோதே உள்ளே அடைபட்டுப்போன இறுக்கம். மூன்றில் ஒன்றை விலக்கினாலும் கீறல் விழாது. பித்தளையைப் பித்தளை இல்லாமல் செய்ய முடியாது. காற்றையும் மழையையும் நிறுத்த முடியாது. லாயத்தை விட்டுத் தள்ளி வைக்கலாம், அவ்வளவுதான். கையில் இருக்கிற நிச்சயமான வழி மூன்றாவது. செய்து முடித்த பின் இன்னொரு முறை மிதமாகச் சூடு காட்டி உள் இறுக்கத்தைத் தளர்த்திவிடுவது. 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்தால் போதும். பித்தளையின் உறுதி பெரிதாகக் குறையாது. உள் இறுக்கம் மட்டும் வடிந்துவிடும். தோட்டா ஆலைகள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்த வேலைக்குப் பிரெஞ்சில் ‘ரெக்யுய்’ என்று பெயர். சமையலறையில் புழங்குகிற ‘க்யுய்’ என்ற சொல்லுக்கு வெந்தது என்று பொருள். அதற்கு முன்னால் ‘மறுபடி’ என்ற ஒட்டைச் சேர்த்தால் ரெக்யுய், மறுபடி வேக வைத்தது. ஆங்கிலப் பெயர் பருவத்தைக் காட்டி நழுவுகிறது. இந்தப் பிரெஞ்சுச் சொல் செய்கிறவன் செய்ய வேண்டிய வேலையை நேராகச் சொல்லிவிடுகிறது. வேகாத சோற்றை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிட்டவன் வயிற்றைக் குறை சொல்லலாமா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை எறிவதில்லை. அதையே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்தக் கழுத்து விவகாரம் தண்ணீர் பட்ட பாடு. சுடும்போது கழுத்து விரிகிறது. பிறகு அச்சில் விட்டு அதை மறுபடி நெருக்குகிறார்கள். நீளம் கூடியிருந்தால் வாயைச் சீவிப் பிசிர் எடுக்கிறார்கள். இப்படி விரிந்தும் நெருங்கியும் சில தடவை போனதும் கழுத்து முரடாகிவிடும். பிறகு ஒருநாள் நீளவாக்கில் பிளக்கும். அதற்கு முன்பே கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக வைக்கிறார்கள். அடிப்பக்கம் சூடாகாமல் பார்த்துக்கொள்வார்கள். வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அடிப்பக்கம். அது இளகினால் சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து. அதனால் அடியைத் தண்ணீரில் நிறுத்திவிட்டுக் கழுத்துக்கு மட்டும் சூடு காட்டுகிற வழக்கமும் அவர்களிடம் இருந்தது. எந்த இடம் இளக வேண்டும், எந்த இடம் இறுகியே இருக்க வேண்டும் என்று பார்த்துச் செய்கிற வேலை இது.

இதைப் படித்துவிட்டு யாரும் பரணில் கிடக்கும் தாத்தா காலத்துக் காலித் தோட்டாவைத் தேடி எடுக்க வேண்டாம். நம் நாட்டு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் தோட்டா செய்யும் இயந்திரங்களையும்கூடத் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே அடக்குகிறது. உரிமம் இல்லாமல் கை வைத்தால் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். எனக்கு வேண்டியது தோட்டா இல்லை. தோட்டா சொல்லுகிற சாட்சியம்.

அந்தச் சாட்சியத்தில் ஒரு துண்டு மிகவும் முக்கியமானது. ராணுவத்துக்குப் போகிற தோட்டாக்கள் பலவற்றில் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். கழுத்துக்குச் சூடு காட்டியதன் அடையாளம் அது. ராணுவம் அந்தக் கறையைத் துடைப்பதில்லை. வேலை நடந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். கடையில் விற்கிற தோட்டாவுக்கும் அதே சூட்டைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் வாங்குகிறவனுக்குக் கறை பிடிக்காது என்று தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புகிறார்கள். உயிரை நம்பி வாங்குகிறவன் கறையைத் தேடுகிறான். ஆசைக்கு வாங்குகிறவன் மினுக்கத்தைத் தேடுகிறான். நாம் பாத்திரக் கடையில் எதைத் தேடுகிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கன்னார்கள் பித்தளைத் தகட்டைச் சம்மட்டியால் அடித்துக் குடம் செய்த காலத்தில், நடுநடுவே உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் முறுக்கேறும். பித்தளை முறுக்கேறாது, இளகித்தான் இருக்கும். சின்ன வயதில் பட்டறை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். என் காலத்துக் கன்னார் ஒருவர் இதைச் சொல்லுவார்: “அடிச்ச பித்தளைக்குக் கோவம் ஏறிரும், தம்பி. தீயில காட்டி அத எறக்கிவிட்டாத்தான் ஒழுங்கா இருக்கும்.” அவருக்கு அம்மோனியா தெரியாது, பரல் தெரியாது. மூன்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னதில் முக்கியமான பாதி அவருக்குத் தெரிந்திருந்தது.

இதைச் சொன்னதும், ‘நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும்’ என்று கைதட்டத் தயாராகிற கூட்டம் ஒன்று உண்டு. கொஞ்சம் பொறுங்கள். அந்த முன்னோரின் பேரன் இன்று பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். அவனிடம் குடம் வாங்காமல் எவர்சில்வருக்குப் போனவர்கள் நாம்தான். பெருமையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு, பிழைப்பை அவனுக்குக் கொடுக்காமல் விட்டோம்.

இன்று சீர் வரிசைக்கு வருகிற பித்தளைக் குடம் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது. மெல்லிய தகட்டைச் சுழலவிட்டு அச்சின்மேல் அழுத்தி வளைக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது; விலையும் குறைகிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயிறு பெருத்துக் கழுத்து சிறுத்து வாய் விரிகிற நம்மூர்க் குடத்தின் வடிவத்துக்குத் தகடு அதிகமாக நெருங்குவது கழுத்தில்தான், தோட்டாவைப் போலவே. வளைத்து முடித்ததும் ஒரு சூடு காட்டினால் தீர்ந்தது. சூடு காட்டினால் நிறம் மாறும், மறுபடி மெருகு போட வேண்டும், கரிச்செலவு, கூலிச்செலவு. ஆகவே சிலர் அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். விட்டது கடையில் தெரியாது. மூன்றாவது கார்த்திகை மழையில்தான் தெரியும்.

வார்ப்புச் சாமான்களுக்கு இந்த வியாதி பொதுவாக வராது. உருக்கி அச்சில் ஊற்றியது அடிபடாதது. உள்ளே அடைபட்ட இறுக்கம் குறைவு. அம்பாசமுத்திரம் பக்கத்து வாகைக்குளத்து வெண்கலத்தை நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகப் புழங்கினார்கள். அதில் துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயம், செய்முறையும் வார்ப்பு. ‘அந்தக் காலத்துப் பாத்திரம் வெடிக்கவே வெடிக்காது’ என்று சொல்கிறவர்கள் பாதி நேரம் வார்ப்பு வெண்கலத்தையும் தகட்டுப் பித்தளையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு வீட்டில் புழங்கிய பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார்கள். பூசுகிறவர் தெருவில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் காய்ச்சுவார். வெள்ளீயம் உருகுவதற்கே 232 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பித்தளையின் உள் இறுக்கமும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். புளிக்குழம்பு கைக்காமல் இருக்கச் செய்த வேலை, பாத்திரத்தின் ஆயுளுக்கும் உதவியது. தண்ணீர்க் குடத்துக்கும் பரணில் ஏறுகிற சீர்ப் பாத்திரத்துக்கும் அந்தக் கொடுப்பினையும் இல்லை.

சரி, அம்மோனியா நம் வீட்டில் எங்கிருந்து வந்தது? குதிரை லாயத்துக்குப் பதில் நம்மிடம் மாட்டுத்தொழு. பழைய வீடுகளில் தொழுவத்தை ஒட்டின மச்சில்தான் புழங்காத பாத்திரங்களை ஏற்றி வைப்போம். வயல் வைத்திருப்பவர்கள் அதே அறையில் யூரியா மூட்டையையும் அடுக்குவார்கள். ஈரம் பட்டுக் கசிந்த மூட்டைப் பக்கம் போனால் மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி வருமே, அந்த நெடிதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சன்னல் கதவெல்லாம் சாத்திக் கிடக்கும். குடம் உள்ளே இறுக்கத்தோடு இருக்கிறது; நெடியும் ஈரமும் சேர்ந்து வருகின்றன. தை பிறக்கிறது, பொங்கலுக்குத் துலக்கக் குடத்தை இறக்குகிறோம். கழுத்தில் கீறல். இறக்கியது யார்? மருமகள்.

‘வந்த வருஷமே சீர்க் குடம் வெடிச்சிருக்கு, இவ கைராசி அப்படி’ என்று சொன்ன வீடுகள் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். விளக்கில் கீறல் விழுந்தால் அபசகுனம் என்று பரிகாரத்துக்கு ஓடினவர்களும் உண்டு. அந்தப் பெண் தன் பிறந்த வீட்டில் இருந்து கொண்டு வந்த குடத்துக்காகப் புகுந்த வீட்டில் தலைகுனிந்து நிற்பாள். கடையில் ஒரு சூட்டுக்கான செலவை மிச்சம் பிடித்தவர் அதே நேரம் கல்லாவில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

கடைக்குப் போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்பது மனப்பாடம். “நம்ம கடையில இருந்து போகும்போது நல்லாத்தான இருந்துச்சு அண்ணாச்சி. நீங்க எங்கயாவது கீழ போட்டிருப்பிய.” கீழே போட்டதற்கு அடையாளம் சொட்டை. சொட்டை இல்லாமல், தகடு நெளியாமல், கத்தியால் கோடு கிழித்த மாதிரி கீறல் மட்டும் இருந்தால் அது விழுந்த காயம் இல்லை. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கண்ணும் நியாய புத்தியும் போதும்.

“இப்ப வர்ற பித்தளை எல்லாம் கலப்படம்” என்பது இரண்டாவது பதில். இது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே மாதிரி வசதியான பதில். பிரிட்டிஷ் தோட்டாவில் கலப்படம் இல்லை; அளவு பார்த்து உருக்கின பித்தளை. அதுவும் வெடித்தது. சுத்தமான பித்தளைக்கும் இந்த வியாதி வரும்.

“கனமா வாங்கியிருக்கணும்” என்பது மூன்றாவது. இறுக்கம் அடைபட்ட கனத் தகடும் பிளக்கும். கொஞ்சம் நாள் கூட ஆகலாம், அவ்வளவுதான். கனத்துக்குக் கூடுதல் பணம் வாங்குகிறவருக்கு இது நல்ல பதில்.

நாலாவது, “தாமிரபரணித் தண்ணி அப்படி.” இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். தாமிரம் என்று பெயர் இருப்பதால் ஆற்றில் செம்பு கரைந்து ஓடுகிறது என்றும், அது பித்தளையை ஏதோ செய்கிறது என்றும் ஒரு கதை. அந்த ஆற்றங்கரை ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளில் வைத்த வெண்கலச் சாமான்கள் மண்ணுக்குள் எத்தனையோ நூற்றாண்டு கிடந்தும் தோண்டி எடுக்கிற அளவுக்கு மிஞ்சியிருந்தன. ஆற்றில் சாக்கடையை விடுகிறோம், குப்பையைக் கொட்டுகிறோம், துணியை விட்டெறிகிறோம். அது போதாதென்று குடம் வெடித்த பழியையும் ஆற்றின் தலையில் கட்ட வேண்டுமா?

இதெல்லாம் வீட்டோடு போகிற சங்கதி என்று நினைக்காதீர்கள். குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஓர் அலுவலகத்தின் ஆயுத இருப்புக் கோப்பு என் மேசைக்கு வந்தது. எந்த அலுவலகம், எந்த வருஷம் என்பது வேண்டாம். மழைக்குப் பின் பெட்டியைத் திறந்தபோது பழைய 303 தோட்டாக்கள் சிலவற்றின் கழுத்தில் கீறல். தோட்டா விஷயத்தில் சர்க்கார் எவ்வளவு கண்டிப்பு என்றால், பயிற்சியில் சுட்டுத் தீர்ந்த காலிக் கூட்டைக்கூட எண்ணித் திருப்பிக் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே உடனே மெமோ. ‘கவனக்குறைவால் சேதம்’ என்று முடிவு கட்டி, பொறுப்பாளர் சம்பளத்தில் பிடித்தம். அந்த அறையின் பின்சுவரை ஒட்டி, காவலர்கள் ஒதுங்குகிற மூத்திரப் புரை. நெடி அறைக்குள் நின்றாலே தெரியும். ‘சொட்டை எதுவும் இல்லை, பெட்டி உடையவும் இல்லை, காரணம் ஆராயத் தகுந்த இடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்’ என்று நான் எழுதிய குறிப்பு பச்சை மையில் ஒரே கோட்டில் அடிபட்டது. அந்த மனிதர் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாதாமாதம் பிடித்தம் கொடுத்தார். தொகை பெரிதில்லை. பதிவேட்டில் ஏறின ‘கவனக்குறைவு’ என்ற சொல்தான் பெரிது. பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது அதுதான் குறுக்கே நின்றது.

அவர் தோட்டாவைச் செய்யவில்லை. மூத்திரப் புரையைக் கட்டவில்லை. மழையை வரவழைக்கவில்லை. பெட்டியைத் திறந்தார், அவ்வளவுதான். மருமகள் குடத்தை இறக்கியதும் அவ்வளவுதான். காரணம் தெரியாத சேதம் என்றால் கையில் சிக்கினவனைக் குற்றவாளி ஆக்குவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. திருப்பிக் கேட்கத் திராணி இல்லாதவனாகப் பார்த்துத்தான் அந்தப் பழி போய் உட்காருகிறது.

இதில் வேடிக்கை, பருவ விரிசல் பாடம் பொறியியல் படிப்பில் உண்டு. பிரிட்டிஷ் இந்தியா, குதிரை லாயம், தோட்டா என்று உலோகவியல் புத்தகங்கள் எழுதி வைத்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு பொறியாளர் இருக்கிறார். பரீட்சையில் விடை எழுதி மார்க் வாங்கினவர்தான் வீட்டுக்கு வந்து, “அம்மா சொல்றது சரிதான், நீ பாத்து எடுத்திருக்கணும்” என்று மனைவியிடம் சொல்கிறார். புத்தகத்தில் படித்த தோட்டாவும் அடுப்படியில் இருக்கிற குடமும் ஒரே பித்தளை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அழகில்லை.

வாங்கும்போது கேளுங்கள்: வளைத்து முடித்த பின் சூடு காட்டினதா? கடைக்காரருக்குத் தெரியாது என்பார். தெரியாவிட்டால் செய்தவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். உட்புறத்தில் கொஞ்சம் கறை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். மெருகு போடாத உட்புறத்தில் சூட்டுக்கறை தெரிவது நல்ல குறி. செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடைபட்ட இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்கப் பாதரச உப்புக் கரைசல் சோதனை எத்தனையோ காலமாக ஆலைகளில் நடக்கிறது. நூறு குடத்தில் ஒன்றை அனுப்பிச் சோதித்தால் மற்றவற்றின் லட்சணம் தெரிந்துவிடும்.

வைக்கும்போது, தொழுவத்து மச்சிலும் உர மூட்டைப் பக்கத்திலும் கக்கூஸ் சுவரை ஒட்டியும் பித்தளையை வைக்காதீர்கள். துலக்கித் துடைத்து, ஈரம் போக வெயிலில் காய வைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அம்மோனியா கலந்த தரை கழுவும் திரவங்களும் மெருகுத் திரவங்களும் உண்டு. நெடி மூக்கில் ஏறினால் அதைப் பித்தளைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். நம் புளியும் சாம்பலும் போதும்.

அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு: பித்தளைச் சாமான் சேதம் என்று கோப்பு வந்தால், பிடித்தம் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி எழுதுங்கள். சொட்டை உண்டா, இல்லையா? இல்லை என்றால் வைத்திருந்தவரை விட்டுவிட்டு, வாங்கின இடத்துக்குக் கடிதம் போடுங்கள். வைத்த அறையையும் ஒரு முறை மூக்கைத் திறந்துகொண்டு போய்ப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. தை மாதம் குடத்தை இறக்கும்போது கீறல் தெரிந்தால், வாயைத் திறக்கும் முன் குடத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சொட்டை இல்லையென்றால் அது தோட்டாவுக்கு வந்த அதே வியாதி. மருமகளைக் கூப்பிட்டு, “உன் மேல தப்பு இல்லம்மா, செஞ்சவன் ஒரு வேலைய விட்டுட்டான்” என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள். முன்னால் இதற்காக யாரையாவது ஏசியிருந்தால், அவர்களிடமும் அதே வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.